நாளை என்ன வேலை என்பதை இன்றே சொல்லுங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் அரச திணைக்களங்கள், தனியார் நிறுவனங்கள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரியீர்,

நான் மட்டக்களப்பு நகரில் ஒரு கட்டடப்பொருள் விற்பனை நிலையத்தின் களஞ்சியத்தில் வேலை செய்பவன், ஓட்டிசம் உள்ளவன். படித்து முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய பின்னர்தான் மனநல மருத்துவர் ஒருவர் அதை எனக்கு உறுதிப்படுத்தினார். இரக்கம் வேண்டி இம்மடலை எழுதவில்லை. என் போன்றவர்கள் வேலைக்கு வரமுடியாமல் போவதற்கும், வந்தவர்கள் சில மாதங்களிலேயே நின்றுவிடுவதற்கும் பெரும்பாலும் காரணமாக இருப்பது வேலையின் கடினம் அன்று. வேலையைச் சுற்றியிருக்கும் நிச்சயமின்மையே. அதைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது என்பதையும், அதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை என்பதையும் எடுத்துரைக்கவே எழுதுகிறேன்.

ஓட்டிசம் என்றவுடன் நம் ஊரில் எல்லோர் மனதிலும் வருவது ஒரு சிறுபிள்ளைதான். ஏப்ரல் 2ஆம் திகதியை உலக ஓட்டிச விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 இல் அறிவித்தது; 2008 முதல் அது கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று பிள்ளைகளின் ஓவியங்களையும் நீலநிறப் பலூன்களையும் காண்கிறோம். அந்தப் பிள்ளைகள் முப்பது வயதில் எங்கே இருப்பார்கள் என்று மேடையில் பேசுபவர் எவரும் கேட்டு நான் அறியேன். 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஓட்டிசம் உள்ளவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே ஐந்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அதே விகிதம் இங்கும் பொருந்துமாயின், வாகரையிலிருந்து பெரியகல்லாறு வரை ஏறத்தாழ நாலாயிரம் பேர் இருக்க வேண்டும். அவர்களில் வளர்ந்தவர்கள் எங்கே? வீட்டின் பின்னறையிலும், தகப்பனின் கடையில் சம்பளமில்லாத உதவியாளராகவும், இன்னும் பலர் தமக்கு ஓட்டிசம் இருப்பதே தெரியாமல், 'ஒரு மாதிரியான ஆள்' என்ற பெயரோடு உங்கள் அலுவலகங்களிலும் இருக்கிறார்கள் என்பதுதான் என் கணிப்பு.

அந்த நிச்சயமின்மை எங்களுக்குக் கொண்டுவருவது பதற்றம். பதற்றம் என்று நான் சொல்லும்போது, பரீட்சைக்கு முன் எவருக்கும் வரும் படபடப்பை நினைத்துவிட வேண்டாம். ஓட்டிசம் உள்ளவர்களின் மூளை, சுற்றுப்புறத்திலிருந்து வருவனவற்றில் எது முக்கியம், எது வேண்டாதது என்று தானாகவே வடிகட்டி ஒதுக்குவதில் பிறரிலிருந்து வேறுபடுகிறது. துடிக்கும் குழல்விளக்கு, பக்கத்து மேசையில் இருப்பவர் பேனையைத் தட்டும் ஒலி, மதியச் சாப்பாட்டுப் பொதியின் மணம், மேலதிகாரியின் குரலில் தெரியும் சிறு மாற்றம் ஆகிய எல்லாம் ஒரே கனத்தோடு வந்து சேர்கின்றன. இந்த நெரிசலுக்கு நடுவே அடுத்தது என்ன நடக்கும் என்று முன்கூட்டித் தெரிந்திருப்பதுதான் நாங்கள் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரே பற்றுக்கோடு. அதுவும் போய்விட்டால் உடல் ஆபத்து வந்துவிட்டதாகவே நடந்துகொள்கிறது: நெஞ்சு அடிக்கிறது, வயிறு கலங்குகிறது, வாயில் வரவேண்டிய சொல் வர மறுக்கிறது. நிச்சயமின்மையைத் தாங்க இயலாமைக்கும் ஓட்டிசம் உள்ளவர்களின் பதற்றத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். என் அனுபவத்தில் அதைத் தொடர்பு என்பதே குறைவான சொல். ஏறக்குறைய இரண்டும் ஒன்றுதான்.

இதனுடன் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பிறர் கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரியாமலிருக்க நாங்கள் நாள் முழுவதும் நடிக்கிறோம். எத்தனை விநாடி கண்ணைப் பார்ப்பது, எந்த இடத்தில் சிரிப்பது, 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பவருக்கு உண்மையிலேயே விவரம் வேண்டுமா, இல்லையா என்பதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வேலையையும் செய்கிறோம். இந்த நடிப்பில் மாதக்கணக்கில் உழல்பவர்கள் ஒரு கட்டத்தில் அடியோடு ஓய்ந்துபோகிறார்கள். முன்பு செய்ய முடிந்தவற்றையும் செய்ய முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத் தெரியும். மட்டக்களப்புக்கு வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் பகிடியாகச் சொல்வதுண்டு. ஞாயிறு பின்னேரங்களில் என்னைப் பாயோடு ஒட்டவைப்பது மந்திரமன்று, திங்கட்கிழமை காலையில் என்ன காத்திருக்கிறது என்று தெரியாமையே.

போரையும், 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்ததையும் கண்ட ஊர் இது. பயம் என்றால் என்னவென்று இங்கே எவருக்கும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதனாலேயே, ஓர் அலுவலகத்துக்குப் போவதற்குப் பயப்படுகிறேன் என்று வளர்ந்த ஒருவன் சொன்னால் அது எடுபடுவதும் இல்லை. 'நாங்க காணாத பயத்தையா மனே நீ கண்டுபோட்டாய்?' என்று என் அம்மம்மா கேட்டபோது அதில் ஏளனம் இருக்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். அவருக்கு நான் சொன்ன மறுமொழியை உங்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் பயத்துக்கு வெளியே ஒரு காரணம் இருந்தது, அது ஓய்ந்தபோது பயமும் ஓரளவுக்கு ஓய்ந்தது; எனக்கோ ஒவ்வொரு வேலைநாளும் அதன் காரணத்தைப் புதிதாகக் கொண்டுவருகிறது.

என் முதல் வேலை ஒரு தனியார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கருமபீடத்தில். படிவங்களைச் சரிபார்ப்பதும் கணினியில் பதிவதும் எனக்குக் கடினமாக இருக்கவில்லை. ஆனால் அன்று எந்த இருக்கையில் இருப்பேன், பணம் வாங்குவேனா, தொலைபேசிக்குப் பதில் சொல்வேனா என்பது காலையில் உள்ளே நுழைந்த பின்னரே தெரியவரும். முகாமையாளர் கடந்து போகும்போது 'பிறகு ஒருக்கா உள்ளே வந்துவிட்டுப் போம்' என்பார். அந்தப் 'பிறகு' எப்போது, எதற்காக என்று சொல்லமாட்டார். மதியம் வரை என் கை தட்டச்சுப் பலகையில் இருக்கும். மனம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும். போய்ப் பார்த்தால், விடுமுறைப் படிவத்தில் ஒரு கையொப்பம் விடுபட்டிருக்கும், அவ்வளவுதான். மின்வெட்டு வேளைகளில் சுவருக்கு அப்பால் ஜெனரேற்றர் இரைய, வரிசையில் நிற்பவர்கள் ஒரே நேரத்தில் பேச, நான் பேச்சிழந்து நின்ற நாட்கள் உண்டு. அதைத் திமிர் என்று எழுதி எனக்கு விளக்கம் கோரும் கடிதம் தரப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அதைப் புதுப்பிக்கவில்லை. அங்கே எவரும் கெட்டவர்கள் அல்லர். என்னிடம் என்ன நடக்கிறது என்று அறிவதற்கான வழியொன்று அந்த அலுவலக ஒழுங்கில் இருக்கவில்லை.

இப்போதைய இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் நான் கேட்பது எவ்வளவு சிறியது என்பது அதிலிருந்துதான் விளங்கும்.

களஞ்சியப் பொறுப்பாளர் ஓர் அக்கா. கணக்கியலோ உளவியலோ அவர் படித்ததில்லை. நான் சேர்ந்த புதிதில், வாய்மொழியாக மூன்று வேலைகளை ஒன்றாகச் சொன்னால் முதலாவதை மட்டும் செய்துவிட்டு நான் நிற்பதைக் கவனித்தார். ஏசவில்லை. அன்று பின்னேரம், பழைய பற்றுச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் மறுநாள் வேலையை எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. அவர் எழுதுவது இந்த மாதிரியில் இருக்கும் ('பின் கார்ட்' என்பது ஒவ்வொரு பொருளின் இருப்பையும் பதியும் அட்டை): 'தம்பி, காலையில் நேற்று வந்த பி.வி.சி. குழாய்களை அளவுவாரியாக அடுக்கிப் பின் கார்ட்டில் பதியவும். லொறி பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் வரலாம், வராமலும் விடலாம். வராவிட்டால் பெயின்ற் பகுதியை எண்ணத் தொடங்கவும். பின்னேரம் முதலாளி வருவார். கணக்குக் கேட்டால் என்னிடம் அனுப்பிவிடவும்.'

இதில் 'வராமலும் விடலாம்' என்ற வரியைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே நிச்சயப்படுத்த எந்த நிறுவனத்தாலும் முடியாது என்பது எனக்கும் தெரியும். லொறி வாழைச்சேனையில் பழுதாகி நிற்கும், மழை பெய்தால் கூரைத்தகடு கேட்டு ஆட்கள் திடீரெனக் குவிவார்கள். நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே சொல்லி, அப்படி நடந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிட்டால், எனக்கு அது தாங்கக்கூடியதாகிவிடுகிறது. மாற்றம் வருவது பிரச்சினையில்லை. மாற்றம் வந்தபின் நான் எங்கே நிற்கவேண்டும் என்று எவரும் சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை. அந்த ஒரு துண்டுக் கடதாசி வந்தபின் என் ஞாயிறு பின்னேரங்களில் பாதி எனக்குத் திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது மாற்றம் ஒலி பற்றியது. முன்றிலில் இரும்புக்கம்பி வெட்டும் இயந்திரம் ஓடும்போது எனக்குப் பற்கூசி, எண்ணிக்கை தவறிவிடும். காதடைப்பான் அணிய அனுமதி கேட்டேன். வாடிக்கையாளர் கூப்பிட்டால் கேட்காதே என்று முதலாளி தயங்கினார். கூப்பிடுவதற்குப் பதிலாக மேசையின் விளிம்பில் கைவைத்தால் நான் நிமிர்ந்து பார்ப்பேன் என்று ஒழுங்கு செய்துகொண்டோம். இப்போது மற்றவர்களும் அப்படியே செய்கிறார்கள். இதற்கு ஆன செலவு ஒரு சோடிக் காதடைப்பானின் விலை, அதையும் நானே வாங்கினேன்.

பதிலுக்கு அவர்களுக்குக் கிடைப்பது என்ன? குழாய்களை வளைவில் இணைக்கும் எல்போக்களில் அரை அங்குலமும் முக்கால் அங்குலமும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தால் எனக்கு அது கண்ணில் முள். இருப்புக்கும் பின் கார்ட்டுக்கும் இடையே வேறுபாடு வந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வரை எனக்கு வீட்டுக்குப் போக மனம் வராது. ஆனால் இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. ஓட்டிசம் உள்ளவர் என்றாலே கணக்கில் புலி, நினைவாற்றலில் அதிசயம் என்ற எண்ணம் சினிமாவால் பரவியிருக்கிறது. எங்களில் பெரும்பாலோர் அப்படியில்லை. நான் ஒரு சாதாரணமான, ஒழுங்கான களஞ்சிய ஊழியன். அதிசயம் காட்டினால்தான் வேலை உண்டு என்பது சாதாரணமாக இருக்கும் உரிமையை எங்களுக்கு மட்டும் மறுப்பதாகும்.

1943இல் அமெரிக்க மருத்துவர் லியோ கனர், ஓட்டிசம் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையில் பதினொரு பிள்ளைகளை விவரித்தார். அவர்களில் முதலாமவரான டொனால்ட் டிரிப்லெட் பிற்காலத்தில் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபொரஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை செய்தார், கார் ஓட்டினார், பல நாடுகளுக்குத் தனியே பயணம் செய்தார், 2023இல் தம் 89ஆவது வயதில் காலமானார். அந்த வங்கி அவருடைய குடும்பத்தினருடையது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு வங்கி இருக்கிறது? அவருக்குக் குடும்பம் செய்துகொடுத்ததை எங்களுக்கு நிறுவனங்களின் ஒழுங்குமுறைதான் செய்துதரவேண்டியிருக்கிறது.

இனி ஆட்சேர்ப்பைப் பற்றி. உங்களில் பலருடன் எனக்கு மனத்தாங்கல் உண்டென்றால் அது இந்த இடத்தில்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1988ஆம் ஆண்டின் 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 சதவீதத்தை, உரிய தகைமை கொண்டவர்களும் கடமைக்கு இடையூறாகாத மாற்றுத்திறன் உள்ளவர்களுமான விண்ணப்பதாரர்களைக் கொண்டு நிரப்பவேண்டும் என்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டக்கூடாது என்று விதிக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. வேலைத்தளத்தில் நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுக்கும் கடப்பாடு அதன் 27ஆம் உறுப்புரையில் இருக்கிறது. 2006இல் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் வந்தன. அதன்பின் அரச அலுவலகங்கள் சிலவற்றின் வாயிலில் சாய்தளங்களைக் காண்கிறோம். அது நல்லது. ஆனால் எங்களுக்கு வேண்டிய மாற்றம் வாயிலில் இல்லை. நேர்முகப் பரீட்சை அறைக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குறைபாடு 'கடமைக்கு இடையூறா' என்பதை யார், எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள்? நடைமுறையில், மேசைக்கு அப்பால் இருக்கும் மூன்று பேர், சில நிமிடங்களில், முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டலஸ் வளாகத்தைச் சேர்ந்த நோவா சாசனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசிய சிறு காட்சிகளைப் பிறருக்குக் காட்டி, அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பேசுபவருக்கு ஓட்டிசம் உண்டு என்பது பார்த்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆயினும் சில விநாடிகளிலேயே ஓட்டிசம் உள்ளவர்களைப் பற்றி அவர்கள் குறைவாக எண்ணினார்கள். அதே பேச்சைக் குரலும் உருவமும் இல்லாமல் எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. சொன்ன விடயத்தில் குறையில்லை. சொன்ன விதம்தான் பிடிக்கவில்லை. நேர்முகப் பரீட்சை என்பது பெரும்பாலும் சொன்ன விதத்துக்குப் புள்ளியிடும் பரீட்சை. பிரித்தானிய ஆய்வாளரும் தாமே ஓட்டிசம் உள்ளவருமான டேமியன் மில்டன் 2012இல் எழுதியதுபோல, விளங்காமை ஒருபக்கத்தில் மட்டும் இல்லை. எங்களுக்கு உங்களை விளங்காத அளவுக்கு உங்களுக்கும் எங்களை விளங்குவதில்லை. ஆனால் நேர்முகப் பரீட்சை மேசையின் எங்கள் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் புள்ளிகள் குறைகின்றன.

'உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்' என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் இதை இலகுவான கேள்வி என்று நினைத்து, விண்ணப்பதாரரின் பதற்றத்தைத் தணிப்பதற்காகவே முதலில் கேட்கிறீர்கள். எனக்கோ அதற்கு எல்லையே தெரிவதில்லை. பிறந்த இடத்திலிருந்து தொடங்குவதா, உயர்தரத்தில் எடுத்த பாடங்களிலிருந்தா, நேற்று இரவு தூங்கவில்லை என்பதிலிருந்தா? நான் மௌனமாக இருக்கும் அந்த நேரத்தில் என் பத்திரத்தின் ஓரத்தில் உங்கள் பேனை ஏதோ எழுதுகிறது. மாறாக, 'பொருள் இருப்புப் பதிவில் உங்களுக்கு என்ன அனுபவம் உண்டு?' என்று கேட்டிருந்தால் உங்களுக்கே போதும் போதும் என்றாகும்வரை சொல்லியிருப்பேன். இப்போதைய கடையில் என்னை நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கவில்லை. ஆணிப்பெட்டிகள் இருந்த இறாக்கை ஒன்றைக் காட்டி, இதை எண்ணி எழுதித் தாரும் பார்ப்போம் என்றார்கள். இறைச்சிக்கடைக்கோ அச்சகத்துக்கோ ஆள் எடுப்பவர்களும் காலங்காலமாக அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்கள். அரச அலுவலகங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும்தான் அது கௌரவக் குறைவாகப்படுகிறது.

பாரத்தை முழுவதும் உங்கள் மேல் இறக்கிவிட்டேன் என்று எண்ணவேண்டாம். என் பங்குக்கு நான் செய்வனவும் உண்டு. புதிய இடம் ஒன்றுக்குப் போகவேண்டுமானால் முதல்நாளே கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் போய், பஸ் எங்கே நிற்கும், வாயில் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வருவேன். தொலைபேசியில் பேசுவதற்கு முன் முதல் மூன்று வாக்கியங்களை எழுதி வைத்துக்கொள்வேன். உரத்த பாட்டுப் போடும் தனியார் பஸ்ஸை விட்டுவிட்டு, நேரம் சற்று அதிகமானாலும் சைக்கிளில் வாவிக்கரையால் வருவேன். வேலைக்கு வந்துசேரும்போதே களைத்திருந்தால் அன்றைய நாள் வீணாகிவிடும். மதிய இடைவேளையில் அரட்டைக்குப் போகாமல் சீமெந்து மூடைகளுக்குப் பின்னால் தனியே இருப்பேன். கோபத்தினால் அன்று, பின்னேரம் வரை பேசுவதற்கான தெம்பைச் சேமிப்பதற்காக. பதற்றம் தொடங்கும்போது அதை நான் முதலில் அறிவது மனதால் அன்று, கையால்: விரல் நுனிகள் குளிர்ந்துவிடும். அப்போது எண்ணிக்கொண்டிருப்பதைக் குறித்து வைத்துவிட்டு வெளியே போய்க் குழாய்த் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு நிற்பேன். எனக்கு ஓட்டிசம் இருப்பதை வேலைத்தளத்தில் எல்லோருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்கும் முதலாளிக்கும் மட்டும் சொல்லியிருக்கிறேன், அதுவும் எழுத்தில். மனநலச் சிகிச்சையைப் பற்றி ஒளிக்கவும் விரும்பவில்லை. பதற்றம் ஓட்டிசத்தின் பிரிக்கமுடியாத பகுதி, தாங்கித்தான் ஆகவேண்டும் என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். அது தனியே கவனிக்கப்படவேண்டிய, குறைக்கப்படக்கூடிய ஒன்று. மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாசலில் நிற்பதை அயலவர் கண்டால் என்ன நினைப்பாரோ என்பதை விட்டுவிட்டேன். உங்கள் ஊழியர் ஒருவர் அதற்காகக் காலை நேரத்தில் விடுப்புக் கேட்டால், பல்வலிக்குக் கேட்டால் எப்படிக் கொடுப்பீர்களோ அப்படியே கொடுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு பாடுபட்டு வேலைக்குப் போகவேண்டும், வீட்டில் சோறு இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் நன்மையை நினைத்துத்தான் கேட்கிறார்கள். இம்மாவட்டத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்குப் போகும். மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவான். நான் இப்போது இருக்கும் வீடு என் தங்கைக்கு உரியது. அவளும் மச்சானும் என்னைப் போகச் சொல்லமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், மணமாகாத ஓர் ஆண், தாயின் காலத்துக்குப் பின், தங்கையின் வீட்டில் எந்த மூலையில், எந்த உரிமையில் இருப்பது என்ற கேள்விக்கு நம் வழக்கத்தில் பதில் இல்லை. ஓட்டிசம் உள்ள பெண்களுக்கு வீடு வரும். அதோடு, அந்த வீட்டை நடத்தத் தெரியாதவள் என்ற பேச்சும் வரும். எனக்கு வேண்டியது பெரிதொன்றும் இல்லை. ஒரு வாடகை அறை, என் பெயரில் வரும் மின்பட்டியல், எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பதை நானே தீர்மானிப்பது. என் சம்பளத்தில் 8 சதவீதமும், முதலாளியின் பங்காக 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகின்றன. அந்தக் கூற்றுத்தாளை ஆண்டுதோறும் பார்க்கும்போது வரும் நிம்மதியை எந்த மாத்திரையும் தந்ததில்லை. தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் கறி அனுப்பட்டும், மச்சான் சைக்கிளைத் திருத்தித் தரட்டும். அதனால் நான் சொந்தக் காலில் நிற்கவில்லை என்று ஆகிவிடாது. உதவியே இல்லாமல் இவ்வூரில் வாழ்பவர் எவரையும் நான் காணவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வேலைக்கு ஆள் எடுக்கும்போது, நேர்முகப் பரீட்சையில் கேட்கவிருப்பவற்றை விரும்புவோருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். முடியுமானால் அதற்குப் பதிலாக அரைநாள் வேலையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். சேர்ந்தபின், கட்டளைகளை எழுத்தில் கொடுங்கள். வட்ஸ்அப் செய்தி போதும். இருக்கையையோ கடமையையோ மாற்றுவதானால் முதல்நாளே சொல்லுங்கள், சொல்ல முடியாதென்றால் மாறக்கூடும் என்பதையாவது சொல்லுங்கள். ஒருவரை அறைக்கு அழைக்கும்போது எதற்காக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'லீவு படிவம் பற்றி' என்ற சொற்கள் ஒரு மனிதனின் அரைநாளைக் காப்பாற்றும். ஐயம் வந்தால் போய்க் கேட்பதற்கு ஒரே ஓர் ஆளைக் குறித்துக் கொடுங்கள். இவற்றைக் கேட்பவர் தம் மருத்துவ அறிக்கையைக் காட்டவேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். வளர்ந்தவர்களுக்கு இங்கே அந்த அறிக்கையைப் பெறுவதே எளிதன்று, தவிரவும் இவை எவருக்குக் கிடைத்தாலும் கெடுதல் ஒன்றும் வந்துவிடப் போவதில்லை.

பிரதேச செயலகங்களில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர்களிடமும் சமூக சேவை உத்தியோகத்தர்களிடமும் ஒன்றைக் கேட்கிறேன். வேலை தேடுவோரின் பெயர்ப் பட்டியலில் எங்களைச் சேர்க்கும்போது, 'மாற்றுத்திறனாளி' என்ற ஒற்றைக் கட்டத்தில் சரிக்குறி இடுவதோடு நின்றுவிடாமல், எவ்வகையான ஒழுங்கு இருந்தால் இவரால் நன்றாக வேலை செய்யமுடியும் என்று கேட்டு இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வரியையும் முதலாளிக்கு அனுப்புங்கள். தையல், மெழுகுதிரி, ஊதுபத்தி ஆகிய பயிற்சிகளுக்கு வெளியிலும் எங்களுக்கு வேலை உண்டு என்பதை அந்த வரிகள் அவர்களுக்குக் காட்டக்கூடும்.

உங்கள் நிறுவனத்தின் அடுத்த வெற்றிட அறிவித்தலை எழுதும் உத்தியோகத்தர் இம்மடலைப் படிப்பாராயின், தகைமைகளுக்குக் கீழே இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன்: 'நேர்முகப் பரீட்சையில் மாற்று ஒழுங்குகள் தேவைப்படுவோர் அதனை விண்ணப்பத்திலேயே குறிப்பிடலாம், அதனால் தெரிவு பாதிக்கப்படாது.' அதைக் கண்டு விண்ணப்பிக்கக்கூடியவர்கள் ஏறாவூரிலும் செங்கலடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் இப்போதே இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு களஞ்சிய ஊழியன்,
மட்டக்களப்பு.